வயிறு நிறைந்த பட்டினி



பட்டினி என்றால் வயிறு காய்வது என்றே நாம் எண்ணுகிறோம். மூன்று வேளையும் வயிறார உண்டு, உண்ட உணவில் ஊட்டமில்லாமையால் உயிர் துறந்தவர் பல்லாயிரவர் என்று சொன்னால், நம்புவது உங்களுக்குச் சற்றுக் கடினமாகவே இருக்கும். அவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர் அல்லர். முதியவரோ குழந்தைகளோ அல்லர். பெரும்பாலோர் இருபது, இருபத்தைந்து வயதுக் கட்டிளங் காளையர். அவர்கள் உண்டதும் நஞ்சன்று. நாம் அனைவரும் விரும்பி உண்ணும் வெண்மையான அரிசிச் சோறே. அவர்களைக் கொன்ற நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். அந்நோயின் காரணத்தை மனித இனம் எவ்வாறு தட்டுத் தடுமாறிக் கண்டறிந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். அவ்வரலாற்றில் நம் தமிழ்நாட்டுப் புழுங்கலரிசிக்கும் ஓர் இடம் உண்டு.

முதலில் நோயின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்குத் தசை வற்றிக் கால் துவண்டுவிடும். வேறு சிலருக்குக் கால் வீங்கும், மூச்சுத் திணறும், இதயம் தளர்ந்து சில நாள்களில் உயிர் பிரியும். சப்பானியர் இதனைக் ‘கக்கே’ என்றனர். பழைய நாளில் அவர்களது ஆட்சி மையமாக விளங்கிய எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், இது மிகுதியாக இருந்தது. ஆதலால் ‘எடோ நோய்’ என்றே அதற்கு ஒரு பெயர் வழங்கியது. நாட்டுப்புறத்திலிருந்து நகருக்கு வந்தவர் நோய்ப்படுவர். சொந்த ஊருக்குத் திரும்பினால் குணமடைவர். நகரின் காற்றும் நீருமே குற்றம் என்று மக்கள் கருதினர். சிற்றூரில் அவர்கள் உண்டது பார்லியும் தவிடு நீங்காத அரிசியும், நகரில் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசி என்பதை ஒருவரும் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை.

1882-ஆம் ஆண்டின் இறுதியில் ‘ரியூஜோ’ என்ற சப்பானியப் போர்க்கப்பல் பயிற்சிப் பயணமாகப் புறப்பட்டது. நியூசிலாந்து, தென்னமெரிக்கா, ஹவாய் என்று சுற்றி, மறு ஆண்டு அது திரும்பியது. கப்பலில் இருந்தவர் 376 பேர். அவருள் 169 பேரைப் பெரிபெரி பற்றியது. 25 பேர் மாண்டனர். எதிரியின் பீரங்கி ஒருமுறையும் முழங்காமலே ஒரு கப்பலின் வலிமையிற் பாதி அழிந்துபோயிற்று.

கடற்படை மருத்துவரான தகாகி கனெஹிரோ என்பவர் இதனை ஆழ்ந்து சிந்தித்தார். அவர் இலண்டன் மாநகரில் மருத்துவம் கற்றவர். ஐரோப்பியக் கடற்படைகளில் இந்நோய் இல்லை என்பதும், தம் நாட்டுக் கப்பல்களிலும் அதிகாரிகளுக்கு இது மிக அரிதாகவே வருகிறது என்பதும் அவர் கருத்தைக் கவர்ந்தன. காற்றுதான் காரணம் என்றால், ஒரே கப்பலில் அதிகாரிக்கு ஒரு காற்று, மாலுமிக்கு ஒரு காற்றா? வேறுபட்டது உணவு ஒன்றே. மாலுமிகளுக்கு உணவுப்படி பணமாகவே கிடைத்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளான அவர்கள் அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பும் ஆசையால், வெறுஞ்சோற்றை மிகுதியாகவும் துணைப்பண்டங்களைப் பெயரளவிலும் உண்டு வந்தனர்.

தகாகி அரசினரிடம் மன்றாடி, 1884-ஆம் ஆண்டில் ‘த்ஸுகுபா’ என்ற மற்றொரு கப்பலை ஏறத்தாழ அதே வழியில் அனுப்பச் செய்தார். இம்முறை இறைச்சி, மீன், காய்கறி, பருப்பு வகை, ரொட்டி ஆகியவை உணவிற் சேர்ந்தன. ஏறக்குறைய ஒன்பதரை மாதப் பயணத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே நோயுற்றனர். அவர்களும் புதிய உணவை வேண்டாமென்று ஒதுக்கியவர்களே. பின்னர்க் கடற்படையில் பார்லி கலந்த சோறு வழக்கமாயிற்று. நோயும் ஏறத்தாழ மறைந்தது.

ஆயினும் தகாகி கூறிய காரணம் தவறானது. உணவிற் புரதம் குறைந்ததே நோய்க்குக் காரணம் என்று அவர் எண்ணினார். மருந்து சரி, விளக்கம் பிழை! இந்தப் பிழை பெருந்தீங்கிற்கு வழி வகுத்தது. எவ்வாறெனில், சப்பானியத் தரைப்படையின் மருத்துவர்கள் தகாகியின் விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவரை எள்ளி நகையாடினர். அவர்கள் செருமானிய மருத்துவத்தைப் போற்றியவர்கள். காசநோய்க் கிருமியை 1882-இல் இராபர்ட் கோக் கண்டறிந்த பின்னர், நோயென்றால் கிருமி என்பதே அக்கால விஞ்ஞானிகளின் வேதமாக இருந்தது. மோரி ஓகாய் என்பார் தரைப்படை மருத்துவருள் ஒருவர். பிற்காலத்தில் சப்பானிய இலக்கியத்திற் பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியரும் அவரே. அவர் 1889-இல் உணவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, அரிசி உணவே மேலானது என்று முடிவு கூறினார். அந்த ஆராய்ச்சியில் பொய் இல்லை. உணவு தரும் ஆற்றலையும் புரதத்தையும் அவர் நேர்மையாகவே அளந்தார். அளக்கத் தெரிந்தவற்றை அளந்தார். அளக்கத் தெரியாத ஒன்று அரிசியின் தவிட்டோடு போய்விட்டதை அவர் எவ்வாறு அறிவார்?

படையில் சேரும் உழவர் வீட்டு இளைஞனுக்கு வெள்ளைச் சோறு ஒரு பேறு. ஊரில் திருநாளன்று மட்டும் கண்ட சோற்றை அரசு அவனுக்கு நாள்தோறும் அளித்தது. சில படைப்பிரிவுத் தலைவர்கள் தாமாகவே பார்லியைக் கலந்து நோயைக் குறைத்தும் காட்டினர். ஆனால் போர் வந்ததும் தலைமையகத்திலிருந்து மீண்டும் வெள்ளையரிசியே சென்றது. 1904–05-ஆம் ஆண்டுகளில் நடந்த உருசிய–சப்பானியப் போரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சப்பானியப் படைவீரர் பெரிபெரியால் வருந்தினர். ஏறத்தாழ 27,000 பேர் அதனால் மாண்டனர். 1905 மார்ச்சு மாதத்திற்றான் தரைப்படை பார்லி கலக்க ஆணையிட்டது. த்ஸுகுபா கப்பல் பயணம் புறப்பட்டு அப்போது இருபத்தோராண்டு ஆகியிருந்தது. கற்றவர்களின் பிடிவாதம் கல்லாதவர்களின் அறியாமையைவிடக் கொடியதாகும் இடங்கள் வரலாற்றிற் சில உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

இனி, ஜாவாத் தீவுக்குச் செல்வோம். அஃது அப்போது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கும் படைவீரரும் சிறைக்கைதிகளும் இந்நோயால் மடிந்தனர். கிருமியைத் தேடுவதற்காக 1886-இல் ஒரு குழு வந்தது. அதில் உதவியாளராக வந்த கிறிஸ்டியான் ஐக்மன் என்னும் இளம் மருத்துவர், கோக்கிடமே பயின்றவர். மற்றவர் திரும்பிய பின்னும் அவர் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், தங்கி ஆராய்ந்தார். நோயாளியின் குருதியைக் கோழிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார். 1889-இல் கோழிகள் கால் துவண்டு விழுந்தன. கிருமி அகப்பட்டது என்று மகிழ்ந்திருப்பார்! ஆனால் ஊசி போடாத கோழிகளும் அவ்வாறே விழுந்தன. சில மாதங்களுக்குப் பின் எல்லாம் தாமாகவே எழுந்து நடமாடின. ஐக்மன் திகைத்தார்.

கோழிக்கு அரிசி போட்ட பணியாளை விசாரித்ததில் உண்மை புலப்பட்டது. செலவைச் சுருக்குவதற்காக, அவன் இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறான். பின்பு புதிய சமையற்காரர் ஒருவர் வந்தார். இராணுவச் சோற்றைக் குடிமக்களின் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். வேறு வழியின்றிக் கோழிகளுக்குத் தீட்டாத மட்ட அரிசி வந்தது, அவை பிழைத்தன. ஒரு சமையற்காரரின் அதிகார மிடுக்கினால் மருத்துவ விஞ்ஞானம் ஓர் அடி முன்னேறியது. வகுப்பில் இதை நான் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா? ஐக்மனின் நண்பரும் சிறைச்சாலைகளை மேற்பார்த்த மருத்துவருமான வோர்டர்மன், ஜாவாவில் இருந்த 101 சிறைகளின் கணக்கை ஆராய்ந்தார். அவற்றிலிருந்த கைதிகள் ஏறத்தாழ 2,80,000 பேர். தவிடு நீங்காத சிவந்த அரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றிலேதான் பெரிபெரி இருந்தது. தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளில் 36-இல் இருந்தது. ஆள் கணக்கிற் பார்த்தால், முன்னதில் பதினாயிரவருள் ஒருவர். பின்னதில் முப்பத்தொன்பதின்மருள் ஒருவர். கட்டடம் பழையதா, காற்றோட்டம் உண்டா, கூட்டம் மிகுதியா என்றெல்லாம் அவர் கணக்கெடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. ஐயம் எங்கெங்கு எழக்கூடுமோ அங்கெல்லாம் அவரே முற்பட்டுச் சென்றது மாணவர்கள் கவனிக்கத்தக்கது.

இத்தனைக்குப் பின்னரும், அரிசியின் மாவுப்பொருளில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதனை முறிக்கிறது என்றே ஐக்மன் முதலில் கருதினார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கெரிட் கிரெய்ன்ஸ், 1901-இல் அதனைத் திருப்பிப் போட்டார். நோய்க்குக் காரணம் உணவில் உள்ள ஒன்று அன்று. உணவில் இல்லாத ஒன்றே என்றார். அதற்கு முன் அனைவரும் குற்றவாளி ஒருவனைத் தேடினர். கிரெய்ன்ஸோ காணாமற்போன ஒருவனைத் தேடச் சொன்னார். 1929-இல் நோபெல் பரிசு ஐக்மனுக்கும், இங்கிலாந்து நாட்டு ஹாப்கின்சுக்கும் பகிர்ந்தளிக்கப் பெற்றது. கிரெய்ன்ஸுக்கு அதிற் பங்கு கிட்டவில்லை.

இங்குத்தான் நம்மவர் இவ்வரலாற்றுக்குள் வருகின்றனர். மலாய் நாட்டில் வெள்ளீயச் சுரங்கங்களிற் சீனரும், தோட்டங்களிலும் இருப்புப்பாதையிலும் தமிழரும் உழைத்தனர். சுரங்கத்துச் சீனர் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அதே வெயிலில், அதே மழையில் வாழ்ந்த தமிழருக்கு அது மிக அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதன் காரணத்தை ஆராய்ந்து, 1907-இல் நூலாக வெளியிட்டார். சீனர் உண்டது சயாம் நாட்டிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது, ஊரிற் பழகியவாறு, நெல்லை அவித்துக் குத்திய புழுங்கலரிசி. அது ஒன்றே வேறுபாடு என்றார் அவர். ஆனால் தேங்கிய பச்சரிசியிற் பூஞ்சை நஞ்சு உண்டாகிறது என்று அவரும் தவறான காரணமே கூறினார். இவ்வரலாற்றில் சரியாகக் கண்டு பிழையாக விளக்கியவர்கள் எத்தனை பேர், பாருங்கள்.

அக்கூற்றைச் சோதிப்பதற்கு, கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் ஓர் ஏற்பாடு செய்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு பகுதியினர்க்குச் சயாம் அரிசியும் மற்றொரு பகுதியினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். இடத்தின் குற்றமோ என்ற ஐயம் தீர, நடுவில் அவர்களை இடம் மாற்றியும் வைத்தார். சயாம் அரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவருள் ஒருவரும் இறக்கவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: தம்மேல் என்ன சோதனை நடக்கிறது என்று அறியமாட்டாத மனிதர்கள் அவர்கள். இன்று எந்த மருத்துவருக்கும் அத்தகைய சோதனைக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அந்தப் பதினெண்மரின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை.

புழுங்கலரிசியின் சிறப்பு என்ன? நெல்லின் உமிக்கு உட்புறத்திலுள்ள தவிட்டிலும் முளைக்கருவிலுமே அந்தச் சத்து மிகுதியாக உள்ளது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அதிற் பெரும்பகுதி நீரோடு கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊறிப் பதிந்துவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் முழுதும் போவதில்லை; அரிசியைக் களையும்போதும் இழப்புக் குறைவு. அந்தச் சத்துக்கு இன்று தயாமின் என்று பெயர். வைட்டமின் பி-1 என்பதும் அதுவே. வைட்டமின் என்ற சொல்லின் மூல வடிவை 1912-இல் வழங்கியவர் போலந்து நாட்டில் பிறந்த கசிமிர் ஃபங்க். சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர்கள், 1926-இல், அதே ஜாவாவில் பணிபுரிந்த யான்சனும் டோனத்தும். அதன் அமைப்பைக் கண்டு 1936-இல் செயற்கையாகவே ஆக்கியவர் அமெரிக்கரான இராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்தது அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் என்பது பலருக்குத் தெரியாது.

தயாமினின் வேலை, நாம் உண்ணும் மாவுப்பொருள் உடலில் ஆற்றலாக மாறத் துணை நிற்பது. ஆதலால் சோறு மிகுதியாக உண்ண உண்ண, தயாமினும் மிகுதியாக வேண்டியிருக்கிறது. வெறுஞ்சோற்றைக் கூட்டினால் தேவை வளர்கிறது, வரவு வளர்வதில்லை. வயிறு நிறைந்தும் உடல் வாடிய விந்தைக்கு விளக்கம் இதுவே. நன்கு வளர்ந்த மனிதன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மிகுதி. 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் உள்ளது 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலரிசியில் 0.21. உழைப்பாளி ஒருவன் நாளைக்கு 600 கிராம் அரிசி உண்டால், முன்னதில் 0.36 மில்லிகிராமும் பின்னதில் 1.26 மில்லிகிராமும் கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான். உடலிலுள்ள சேமிப்போ சில வாரங்களுக்கு மேல் தாங்காது. கப்பல் கரையை விட்டகன்று நெடுநாள் கடலில் நின்றபோது நோய் தலைகாட்டியது அதனால்தான்.

என் இளமையில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் பாட்டியார் நெல் அவிப்பதைக் கண்டிருக்கிறேன். முந்தின நாளே தொட்டியில் ஊறிய நெல்லை, விடியுமுன் பெரிய அண்டாவில் இட்டு அவிப்பார். வெடித்த நெல்லின் மணம் தெருக்கோடி வரை வீசும். பின்னர்க் களத்திற் பரப்பிக் காலால் துழாவி உலர்த்துவார். ‘எதற்காகப் பாட்டி இத்தனை பாடு?’ என்று கேட்டால், ‘அவிக்காவிட்டால் குத்தும்போது நொய்யாகப் போகும்; பூச்சி விழும்’ என்பார். அவர் அறிந்த காரணம் அதுவே, அதுவும் உண்மையே. நம் முன்னோர் வைட்டமினை அறிந்தே இம்முறையைக் கண்டனர் என்று சிலர் மேடையில் முழங்குகின்றனர். அஃது அன்பினாற் கூறுவது, வரலாறு அன்று. மேலும், புழுங்கலரிசி உண்ட மலாய்த் தோட்டத் தமிழர் பெரிபெரிக்குத் தப்பினரேயன்றி, மலேரியாவுக்கும் வயிற்றுநோய்க்கும் தப்பவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது.

பச்சரிசி உண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் இருந்தனவே, அவர்களுக்கு ஏன் நோய் வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்கள் இலையிற் பருப்பும் காய்கறியும் தயிரும் இருந்தன. அரிசி தனியே குற்றவாளி அன்று. அதற்குத் துணையின்றிப் போனவர்களின் இலையிலேதான் அது கொடியதாயிற்று. மாலுமி, படைவீரன், கைதி, சுரங்கக் கூலி என்று இதுவரை நாம் கண்டவர்களை எண்ணிப் பாருங்கள். தம் உணவைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையோ வசதியோ இல்லாதவர்கள் அவர்கள்.

இந்திய நாட்டிலும் பெரிபெரி இருந்தது. சென்னை மாகாணத்தின் வடபகுதியில், வடசர்க்கார் என்று வழங்கிய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், ஆலைப் பச்சரிசி உண்ட ஏழை மக்களிடையே அது பரவியிருந்தது. புழுங்கலரிசி வழங்கிய தமிழ் மாவட்டங்களில் அது காணப்படவில்லை. இதனை ஆராய 1918-இல் இராபர்ட் மக்காரிசன் குன்னூரில் ஓர் அறையில் ‘பெரிபெரி ஆராய்ச்சி’ என்ற பெயரில் பணி தொடங்கினார். அவருக்குப் பின் அய்க்ராய்டு அதனை வளர்த்தார். அவ்வறையே வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்று, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்று விளங்குகிறது.

பெரிபெரி இன்று அரிதாகிவிட்டது. மதுவுக்கு அடிமையானவரிடமும் வேறு சிலரிடமும் மட்டும் தயாமின் குறைவு தலைகாட்டுகிறது. ஆனால் தட்டின் அமைப்புப் பெரிதும் மாறிவிடவில்லை. அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளில், நாளைய ஆற்றலில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்குக்கு மேல் தானியத்திலிருந்து வரவேண்டாம் என்றும், எஞ்சியதைப் பருப்பு, காய், கனி, பால், கொட்டை வகை ஆகியவற்றால் நிரப்புக என்றும் கூறுகிறது. நம் நாட்டிற் பலருக்குத் தானியத்தின் பங்கு பாதிக்கும் மேல். பெரிபெரிக்கு மாறாக, இன்று அந்த வெள்ளைச் சோற்றின் மிகுதி நீரிழிவுக்குத் துணை போகிறது. பருப்பும் காய்கறியும் குறைந்த இடத்தில் சோகை குடியேறுகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் இப்பாடத்தை நடத்திவிட்டு, ஒரு வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உண்டதை எழுதி வாருங்கள் என்று சொன்னேன். நாற்பது தாள்கள் வந்தன. ஒரு மாணவி கட்டம் போட்டு மிகத் தூய்மையாக எழுதியிருந்தாள். தந்தையின் பெயருக்கு நேரே சோறு, குழம்பு, முட்டை, கீரை, மீன் என்று நாளுக்கொன்றாக இருந்தது. தாயின் பெயருக்கு நேரே முதல் நாள் ‘சோறு, மிச்சக் குழம்பு’ என்று எழுதி, மற்ற ஆறு நாள்களுக்கும் ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று குறித்திருந்தாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, ‘அம்மாவைக் கேட்டு எழுதினாயா?’ என்றேன். ‘இல்லை ஐயா, அம்மா எல்லாருக்கும் பின்னால்தான் சாப்பிடுவார், இந்த வாரந்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்’ என்றாள்.